முப்பத்தேழாவது கோடு

ஃப்ரீசருக்குள் கையை விட்டுத் துழாவிய ஷாமளாவுக்கு உறைபனியைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. கூடத்தில் அப்பா செல்லப்பன் பெட்டிக்குள் படுத்திருந்தார். ரெண்டு மணிக்குத் தூக்குவதாக ஏற்பாடு. அவளோ அடுப்படியில் மீன் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத்த, இங்க இருந்த டப்பா எங்க?"

முந்தின நாள் லாபிஸ் ஊரிலிருந்து வந்திறங்கிய அப்பாவின் தங்கை காளியம்மா, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னாள். "சாவு வீட்ல கவுச்சி இருக்கக் கூடாதுல்ல. விடிஞ்சதும் எல்லாத்தயும் அள்ளி பக்கத்து வீட்டு ரொஹானா கிட்ட குடுத்துட்டேன். ஒரு டப்பா மட்டும் சரியான கனம். தெங்கிரி மீனு போல."

"அது மீனில்ல அத்த. கல்லு."

அத்தை ஆற்றுவதை நிறுத்திவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

விளக்க நேரமில்லை. அண்ணன் விஜயன் கனடாவிலிருந்து பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். ரொஹானா அந்தக் கல்லைக் குப்பையில் கொட்டியிருந்தால் அப்பாவின் கடைசி வேலையும் அதோடு போச்சு.

தைப்பூசத்துக்கு லீவில் வந்த விஜயன்தான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவன். வினிபெக்கில் வாங்கிய புது வீட்டின் பின்புறம் கல் பாவி 'பேட்டியோ' முற்றம் கட்டப் போகிறேன் என்று மூன்று மாதிரித் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்துப் பரப்பினான். சிவப்பு மணற்கல், சாம்பல் நிறக் கான்கிரீட், கறுப்பு கிரானைட். சிவப்பு பார்க்க லட்சணமாக இருந்தது. அவனுக்கு அதன்மேல்தான் கண்.

அப்பா மூன்றின் முதுகிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சிவப்பு மட்டும் ஒரு நிமிஷத்தில் உறிஞ்சிவிட்டது.

"இது வேணாம்யா. குளிரு கல்ல ஒண்ணும் செய்யாது. கல்லு குடிச்ச தண்ணிதான் உள்ளயே ஒறஞ்சு ஒடைக்கும்."

"அப்பா, அங்க மைனஸ் தேர்ட்டி. நீங்க ஸ்னோவ டிவியிலதான பாத்திருக்கீங்க."

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஷாமளா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா செடெனாக் தோட்டத்தில் பிறந்து, தரைக்கல் தொழிற்சாலையில் மூட்டை சுமக்கச் சேர்ந்து, தரம் பார்ப்பவராக உயர்ந்து, குளிர் நாடுகளுக்குப் போகும் கல்லை இருபத்தெட்டு வருஷம் நனைத்தும் உறையவைத்தும் சோதித்தவர். அவர் தலையாட்டாமல் ஒரு கன்டெய்னரும் வாசலைத் தாண்டியதில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விஜயன் திரும்பிப் போன பிறகு, அவன் விட்டுப்போன கற்களை அப்பா ஊறப்போட்டு மீன் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தார். ராத்திரி முழுக்க உறையும். காலையில் எடுத்து வெளிக்குழாயடியில் பேசின் தண்ணீரில் போடுவார். சாயங்காலம் மறுபடி ஃப்ரீசர். நாளுக்கு ஒரு பென்சில் கோடு, ஃப்ரிட்ஜின் வெள்ளைக் கதவில். ஐம்பது கோடு வரைக்கும் என்று முடிவு. இருபதிலேயே சிவப்பின் ஓரம் உதிர ஆரம்பித்தது.

"அண்ணனுக்கு போட்டோ அனுப்பவாப்பா?"

"பாதியில சொன்னா சண்ட போடுற மாதிரி இருக்கும். அம்பது முடியட்டும்."

முந்தாநாள் காலை முப்பத்தைந்தாவது கோட்டைப் போட்டுவிட்டு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி கொண்டுபோன அம்மா பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். முப்பத்தாறாவது கோடு ஷாமளா போட்டது. அழுதுகொண்டே போட்டாலும் நேராகத்தான் போட்டாள்.

இப்போது டப்பாவைத் தேடி ஷாமளா வாசல் கேட்டைத் திறப்பதற்குள் ரொஹானாவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். அலமாக், திறந்து பார்த்தால் உன் அப்பாவின் கல், உடனே என் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன் என்று மலாயில் சொன்னார். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர் அல்லவா. டப்பா கை விறைக்கும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. ஷாமளா அதைப் பேசினில் கவிழ்த்தாள்.

விஜயன் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய ஃபோர்மேன் கனகராஜ் விஜயனின் தோளைத் தொட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு தடவ ரெண்டு கன்டெய்னர அப்படியே நிறுத்திட்டாருய்யா ஒங்கப்பா. எஞ்சினியருங்க எல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. லேப்ல குடுத்துப் பாத்தா இவரு சொன்னதுதான் சரி. அதுக்கப்புறம் செல்லப்பன் ஓகேன்னா ஓகே லா."

சாவு வீட்டில் பெருமைப்படலாமா கூடாதா என்றெல்லாம் ஷாமளா யோசிக்கவில்லை. நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது. அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு, இன்னும் சொல்லமாட்டாரா என்று கனகராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயன் தலை குனிந்துகொண்டான்.

மின்சுடலையிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக விஜயன், மழித்த தலையும் ஈர வேட்டியுமாக. பேசினைப் பார்த்துக் குனிந்தான். கறுப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தான். சாம்பலிலும் குறையில்லை. சிவப்பை எடுத்தபோது, ஊறிய ரொட்டி மாதிரி ஒரு மூலை அவன் உள்ளங்கையில் உதிர்ந்தது.

ஷாமளா வாசலில் நின்றாள். அவனுக்கென்று ஒன்றரை மாதமாக நறுக்கென்று நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளு ஆச்சு?"

"இன்னியோட முப்பத்தேழு. அம்பது வரைக்கும் வைக்கணும்னாரு."

விஜயன் விரல் விட்டு எண்ணினான். "பதினாறாம் நாளு அம்பது வருது."

"ம்."

"அத முடிச்சிட்டுத்தான் போவேன்."

கறுப்பையும் சாம்பலையும் டப்பாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். "ஒடஞ்சதயுமா?"

"ஒடஞ்சதயும்தான். கடைசி வரைக்கும் பாப்பாரு."

உதிர்ந்ததையும் பொறுக்கிப் போட்டு மூடினான். ஃப்ரீசரில் டப்பாவை வைத்துவிட்டு, கதவில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்தான். காலையில் இருந்த அமளியில் இன்றைய கோடு போடாமலே கிடந்தது. அப்பாவின் கோடுகளுக்குப் பக்கத்தில் நிதானமாக இழுத்தான். விரலிலிருந்த சிவப்பு மண் வெள்ளைக் கதவில் ஒட்டிக்கொண்டது.

காளியம்மா அத்தை ஈரத் துணியோடு வந்தாள். "கதவெல்லாம் என்னடா இது."

"இருக்கட்டும் அத்த" என்றாள் ஷாமளா.