ஒரு ஜாக்கிதானே

1991 ஆடி மாசம். ஒரகடம் ரோட்டில் புதுக் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் கட்டடத்துக்கு மேல்தளம் போட்ட அன்று, முட்டும் பலகையும் கட்டுகிற சென்ட்ரிங் மேஸ்திரி கோதண்டத்துக்கு ஒரு பின் குறைந்தது. அதுவரை அவனுக்குச் சவுக்குக் கழிதான் முட்டு. இந்த வேலைக்குத்தான் முதல்தடவையாக இரும்பு ஜாக்கி வந்து இறங்கியிருந்தது. குழாய்க்குள் குழாய், வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓட்டையில் தடிமனான பின்னைச் செருகினால் மேலே உள்ள பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். கான்கிரீட் மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கீழே கிடந்த மெல்லிய கம்பித் துண்டை ஓட்டையில் செருகினான் கோதண்டம். ஒரு ஜாக்கிதானே, பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

பதினோரு மணிக்குத் தளத்துக்கு அடியில் நிழலில் வைத்திருந்த பானையில் தண்ணி குடிக்கப் போனாள் சித்தாள் முனியம்மாள். அவள் இடுப்பிலிருந்த இரும்புச் சட்டி அந்த ஜாக்கியில் லேசாகத்தான் பட்டது. கம்பி வளைந்து, உள்குழாய் சர்ரென்று இறங்கியது. சாய்ந்த பலகையும் ஈரக் கான்கிரீட்டும் அவள் வலது கைமேல் விழுந்தன.

"கண்ணு தெரியல? ஜாக்கியை இடிச்சுத் தள்ளிட்டியே!" வலியில் துடித்தவளைப் பார்த்து அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் இன்ஜினியர் ஜீவானந்தம். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

கோதண்டம் வளைந்த கம்பியைக் காலாலேயே கலவைக்குள் தள்ளி மூடினான்.

நாலாம் நாள் மனசு கேட்காமல், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் அவள் வீட்டுக்குப் போனான். முழங்கை வரை மாவுக்கட்டு. அவனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிக்கோ மேஸ்திரி. என்னால உன் வேலை கெட்டுப்போச்சி. மேல இருந்தவங்க வியுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சி நெனச்சி தூக்கமே இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தலையைக் குனிந்துகொண்டு, "நீ இடிச்சதால வியல முனிம்மா. அதுல பின்னு இல்ல. நான்தான் கம்பியைச் சொருவினேன்" என்றான்.

அவள் சாத்துக்குடியை இடது கையால் தள்ளி வைத்தாள். "யாருகிட்ட சொன்ன?"

"உன்கிட்டதான்."

"எங்கிட்ட சொல்லி? என்னை அங்கதான திட்டுனாங்க? அங்க வந்து சொல்லு."

அன்று மத்தியானமே இருவரும் ஒரகடத்துக்கு பஸ் ஏறினார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில் கோதண்டம் நடந்ததைச் சொன்னான். ஜீவானந்தம் அவனை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார். கட்டுப் பிரித்ததும் வரச் சொல்லி முனியம்மாளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நம்பியிருந்தான் கோதண்டம். திரும்பும்போது அவள் ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்றும் எதிர்பார்த்தான். அவள் பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். கடைசிவரை திரும்பவே இல்லை.

முனியம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள், ஆனால் விரல் மடங்காததால் சட்டி பிடிக்க முடியவில்லை, தளத்துக்குத் தண்ணி விடுகிற வேலைதான் பார்க்கிறாள் என்று ஐப்பசியில் அதே கட்டடத்துக் கொத்தனார் கன்னியப்பன் சொன்னான். அன்று கோதண்டம் தன் வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.