கரும்பு வரிசையில் ஒரு கலங்கரை விளக்கம்

கல்லூரி முடிந்த இந்த ஆறு மாதத்தில் மலர்விழி மனதுக்குள் நான்கு வேலைகள் பார்த்துவிட்டாள். கிராமத்து டாக்டர் ஒருவரின் கதையைப் படித்த வாரம் டாக்டர். பிறகு வக்கீல், பிறகு துப்பறிவாளர். மாலுமிகளைப் பற்றிய நாவல் தீர்ந்த அன்று கப்பல் கேப்டன் ஆவதென்று முடிவே செய்திருந்தாள். கடலை அவள் பார்த்தது ஒரே ஒரு முறை, கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது.

அப்பா வெங்கடேசனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"சாயங்காலம் உன் சித்தப்பன் செழியன் வர்றான். ஓசூரு கம்பெனில உனக்கு வேலைக்குச் சொல்லி வெச்சிக்கிறான். நீ இன்னாதான் ஆவப் போறேன்னு அதுக்குள்ள ஒரு பதில் சொல்லு. இல்லாட்டி பையக் கட்டிக்கினு அவன்கூடக் கெளம்பு."

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு வெளியே, கரும்பு ஏற்றிய டிராக்டரின் நிழலில், அவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டபடி இதைச் சொன்னார். நேற்றிலிருந்து வரிசையில் நிற்கிறார். வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் எடை குறையும். அதனால் ஒவ்வொரு இடமும் முக்கியம். ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். முன்வண்டி நகர்ந்த பிறகும் ஒருவன் நகராமல் நின்றால், பின்னால் இருப்பவன் தாண்டிப் போகலாம். சண்டைக்கு வரக் கூடாது.

"கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன். முன்வண்டி நகுந்தா எழுப்பு" என்று அப்பா வேப்பமரத்தடியில் துண்டை விரித்தார்.

மலர்விழி டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நூலகத்திலிருந்து எடுத்த மூன்று புத்தகங்கள் பையில் இருந்தன. முதல் புத்தகத்தில் ஒரு ரயில் பனியில் சிக்கி நின்றது. சற்று நேரத்தில் தூரத்துக் கல்வராயன் மலைமீதும் பனி பெய்யத் தொடங்கியது. டிராக்டர்கள் ரயில் பெட்டிகளாயின. கதாநாயகி கதவைத் திறந்து இறங்கப்போன நேரத்தில் காதருகே ஹாரன் அலறியது.

பின்னால் நின்ற பழனியின் டிராக்டர் அவளைத் தாண்டிப் போய் முன்னால் நின்றது. அப்பா துள்ளி எழுந்தார்.

"ஒரு வரிசையப் பாத்துக்கத் தெரியல. நீ கம்பெனியப் பாத்துக்கப் போறியா?"

பழனி டீயோடு வந்தார். கூடவே டீக்கடை ராஜாம்பாளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

"தூங்கியிருந்தாகூட ஞாயம். புக்கு படிச்சிக்கினு கோட்ட வுட்டியாமே? அப்படி இன்னாதான் கீது அதுல?" என்றார் பழனி.

"சொல்றேண்ணா. புடிச்சிருந்தா எங்க எடத்தக் குடுத்துடணும்."

"புடிச்சாத்தானே, சொல்லு."

அவள் ரயிலையும் பனியையும் காதலையும் சொன்னாள். பழனி கொட்டாவி விட்டார்.

"எறங்கி நடக்க வேண்டியதுதானே அந்தப் பொண்ணு?"

மலர்விழிக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தக் கொட்டாவி அவளை யோசிக்க வைத்தது. காட்டுப்பன்றி புகாமல் காவல் காக்கக் கரும்புக் கொல்லைப் பரணில் தனியாகப் படுப்பவர் பழனி என்பது ஊருக்கே தெரியும். பையிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள்.

"அண்ணா, இதுல ஒருத்தர் கலங்கரை விளக்கத்துல காவலுக்கு இருக்காரு. சுத்தியும் கடலு. பேச ஆள் இல்ல. அந்த வெளக்குகிட்டயே பேசுறாரு."

"வெளக்குகிட்டயா?" பழனி டீயைக் கீழே வைத்தார். "நான் டார்ச் லைட்டுகிட்டப் பேசுவேன். வூட்ல சொல்லிடாத. எங்க, குடு அத."

புத்தகத்தோடு போய்த் தன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"எனக்கு ஒன்னு எடுடி. ஆம்பள சாவுற கதையா எடு" என்றாள் ராஜாம்பாள்.

"அக்கா, இதுல மூணு பேரு சாவுறாங்க. பொண்டாட்டி மேலதான் சந்தேகம்."

"குடு, குடு!"

மலர்விழி மூன்றாவது புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். கொட்டாவி விட்ட ஆள் கை நீட்டினாரே, அந்த நொடி போதும் என்று இருந்தது. அந்த நொடியில் அவள் டாக்டராகவும் இல்லை, கேப்டனாகவும் இல்லை, மலர்விழியாகவே இருந்தாள்.

அப்போது முன்வண்டி நகர்ந்தது. பழனி நகரவில்லை. உதடுகள் அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சத்தமில்லாமல் ஏறி வண்டியைக் கிளப்பினார். கரும்பு உரச, பழனியைத் தாண்டிப் போய் நின்றார்.

"யோவ், வெங்கடேசா!"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்யா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பழனியும் சிரித்தார், புத்தகத்தின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே.

சிரிப்பு அடங்கியதும் அப்பா கேட்டார். "யாருக்கு எந்தப் புக்குன்னு எடுத்துக் குடுக்கிறியே, இதுக்குன்னு படிப்பு எதுனா கீதா?"

"இருக்குப்பா. நூலக அறிவியல். அதான் படிக்கப் போறேன். இதான் என் பதில்."

அவர் போனை எடுத்தார். "செழியா, சாயங்காலம் வா. சாப்ட்டுப் போ. பொண்ணு வரல, அது வேற படிக்கப் போவுது." போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "ஆனா வேல நேரத்துல நீ படிக்கக் கூடாது. மத்தவங்களத்தான் படிக்க வெக்கணும்."

அவள் ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பழனி அண்ணா, பக்கத்த மடிக்காதீங்க! அது நூலகத்துப் புக்கு. அடுத்த வாரம் திருப்பித் தரணும்!"