பேராசிரியரின் விரல் காட்டிய இடம்

தென்கொரியாவின் தேகு நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக எனக்கு ஒரே வேலை: எண்ணுவது. குழந்தைகளின் வயிற்றில் முளைக்கும் நரம்புக் கட்டியை எலிகளுக்குள் வளர்த்து, மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ்ப் பழுப்பாய்த் தெரியும் ரத்தக் குழாய்களை எண்ணுவேன். குழாய்கள் பெருகினால் கட்டி உண்டு கொழுக்கும். அற்றால் பட்டினி கிடந்து சாகும். நலமான உயிரணுவில் கட்டியை அடக்கும் புரதம் ஒன்று உண்டு. புதுக் குழாய்களை முளைக்க விடாமல் காப்பது அதன் கடமை. நோய் முதலில் வீழ்த்துவது அந்தக் காவலைத்தான். வீழ்ந்த காவலை மீட்கும் மருந்தைக் கண்டுவிட்டதாக எங்கள் கூடத்தின் தலைவர் பேராசிரியர் மேங் சொன்னார். அதை மெய்ப்பிக்கும் எண்ணிக்கையை நான் கொடுத்தேன்.

எப்படிக் கொடுத்தேன்? விதி தெளிவானது. எந்தத் தகடு மருந்து பெற்ற எலியுடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது; குழாய்கள் மிக அடர்ந்த இடத்தைத் தேடி, அங்கேதான் எண்ண வேண்டும். எங்கள் கூடத்திலோ பெயர்ச்சீட்டுகள் பளிச்சென்று தெரியும். இருவர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியின் மறுமுனையில் பேராசிரியர் அமர்ந்து, என் பெயர் சொல்லி விரல் நீட்டுவார்.

"அந்த இடம் வேணாம், தக். சாயம் சரியா ஏறல. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். மருந்து பெற்ற எலிகளுக்கு மட்டும் சாயம் சரியாக ஏறாமலே போயிற்று! பெரியவர் விரல் நீட்டினால் தலை குனிவதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அது அடிமைத்தனம். குனிந்த தலை என்னுடையது.

வசந்தத்தில், எங்கள் மருத்துவமனை வார்டில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி நாரேயின் கட்டி எல்லா மருந்துகளையும் மீறித் திரும்பி வந்தது. சியோல் மருத்துவமனை ஒன்று வேறொரு புது மருந்தின் சோதனைக்கு அவளை அழைத்தது. இலையுதிர் காலத்தில் நம் மருந்தே வந்துவிடும், காத்திருங்கள் என்றார் பேராசிரியர். நாரேயின் தாய் என்னை நடைவழியில் மறித்தாள்.

"மேடம், நெசமாவே குழாய் குறையுதா?"

"பாதிக்குப் பாதி குறையுது, நாரே அம்மா. நானே எண்ணினேன்."

அன்றே அவள் சியோலுக்குத் தொலைபேசியில் மறுத்துவிட்டாள். கோடையில் நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் நாரே என்னை வம்புக்கு இழுப்பாள்.

"சித்தி, உங்க எலிக்கும் முடியே இல்லையாமே? அதுக்கும் ஊசி போட்டீங்களா?"

"இல்லடி, அது பொறக்கும்போதே மொட்டை."

"அப்போ எனக்கு முளைக்கும், அதுக்கு முளைக்காது. பாவம்!"

இலையுதிர் காலம் வந்தது. குழந்தைகளுக்கு மருந்தைத் தரலாமா என்று முடிவெடுக்கும் அறநெறிக் குழு, தகடுகளின் படங்களைக் கேட்டது. படம் எடுக்கத் தனியாக அமர்ந்தேன். விரல் நீட்ட எதிரே எவருமில்லை. நான் தவிர்த்த இடங்களிலெல்லாம் குழாய்கள் காடாக மண்டிக் கிடந்தன. சாயமும் செம்மையாகவே ஏறியிருந்தது. பெயர்ச்சீட்டுகளைத் தாள் ஒட்டி மூடி, தகடுகளைக் கலைத்து, மூன்று முறை எண்ணினேன். மருந்து பெற்ற எலிக்கும் பெறாத எலிக்கும் வேறுபாடே இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன்.

"பதினோரு வருஷம் ஒரே பானைச் சோறு சாப்பிட்டிருக்கோம். இப்போ அதுலயே மண்ணை அள்ளிப் போடுறியா?"

"சார், குழந்தைங்களுக்குப் போடப் போற மருந்து..."

"நாலு தகட்டைப் பாத்ததும் நீ விஞ்ஞானி ஆயிட்டியோ? எண்ணு, வாயை மூடு. உன் வேலை அவ்வளவுதான்."

குழுவின் முன் எழுந்து நின்று அனைத்தையும் சொன்னேன். கால் மணி நேரத்தில் சோதனையைக் கைவிட்டார்கள். ஒருவர் என் துணிவைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு வார்டுக்குப் போனேன்.

நாரே கண்மூடிப் படுத்திருந்தாள். தாய் கஞ்சிக் கரண்டியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மருந்து வராது, நாரே அம்மா. குழாய் குறையல. நான் எண்ணினது தப்பு."

கரண்டி கிண்ணத்துக்குள் இறங்கியது.

"சியோல்ல மறுபடி கேட்டுப் பாக்கலாம். நானே பேசுறேன்."

"போன வாரமே கேட்டேன். வசந்தத்துல வந்திருந்தா சேத்திருப்பாங்களாம். இப்போ இவ ரத்த அணு இருக்கற நிலைமைக்கு ரயில்ல கூட ஏத்தக் கூடாதாம்." அவள் குரல் உயரவே இல்லை. "இன்னைக்கு இவ்வளவு சரியா எண்ணுறீங்களே மேடம், அன்னைக்கு எண்ணத் தெரியாமப் போச்சா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் என்னை மன்னித்திருப்பாளோ என்னவோ. அவளுக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அன்னைக்கும் தெரியும்" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகளின் பிளந்த உதடுகளைத் துணி முனையால் ஒற்றி, "ஒரே ஒரு வாய், கண்ணு" என்றாள். நாரே வாயைத் திறக்கவில்லை.