மூன்றாவது வரிசைக் கைதட்டல்

கூட்டத்தில் முதலில் கைதட்டுவது ஒரு வேலை. அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். மூன்று வருடம் அந்த ஆள் நான்.

பகலில் எனக்கு வேறு வேலை. பஸ் டிப்போவின் பின்பக்கம், சீட்டு தைக்கும் பிரிவு. ஆறு பெண்கள், நான்கு மோட்டார் மிஷின்கள், சுவரோரம் ஆளுயரத்துக்கு ரெக்சின் சுருள்கள். கிழிந்த சீட்டுகள் வரும். பழைய உறையை உரித்து, பஞ்சை அடித்துச் சமன் செய்து, புது உறையை இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அந்த இழுவையிலேயே எங்கள் உள்ளங்கைகள் பலகையாகிவிட்டிருந்தன. அக்காவின் குழந்தையைக் கன்னத்தில் தடவினால் வீல் என்று கத்தும்.

எங்கள் பிரிவுக்கு நேர் மேலே, இரும்புப் படி ஏறினால் மன்றம். டிப்போ ஊழியர் நாடக மன்றம். டீசல் வாசனையும் பசை வாசனையும் மாடி வரைக்கும் வரும். இரண்டாவது ஷிப்ட் கிளம்பியதும் ஒத்திகை தொடங்கும். டிரைவர்கள், கண்டக்டர்கள், பெயின்டர்கள் எல்லோரும் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் ராஜாவாகவும் மந்திரியாகவும் நிற்பார்கள். வசனம் மறந்துபோன ராஜா, பழக்கதோஷத்தில் "ஏறுங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டு முழிப்பார்.

மன்றத்தின் செயலாளர் என்ஜின் பிரிவு மெக்கானிக். அவருக்கு வைத்த பெயர் இடி. ஓடுகிற என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் ஸ்பேனர் கேட்டால் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். நாடகம் எழுதுவது அவர், நடிப்பு சொல்லிக்கொடுப்பது அவர், கடைசியில் மேடையில் நின்று பேசுவதும் அவர்.

எதற்காகப் பேச்சு? நிர்வாகம் டிப்போவை ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தது. நகரின் நடுவில் இருக்கிற இடம் கை மாறப்போகிறது. போனால் மன்றமும் போகும், பாதிப் பேரின் வீட்டுச் சாப்பாடும் போகும். அதை எதிர்த்துத்தான் அந்த மூன்று வருடமும் பஸ் ஸ்டாப்பில், பள்ளிக்கூட மைதானத்தில், தெருமுனையில் நாடகம் போட்டோம்.

என்னை மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அத்தான். அக்காவின் கணவர், டிரைவர். முதல் நாள் ஒத்திகை பார்த்துவிட்டு நான் கைதட்டியதும் இடி சட்டென்று திரும்பினார்.

"யாரது பட்டாசு வெச்சது?"

"என் மச்சினிங்க. சீட்டு தைக்குது" என்றார் அத்தான்.

மறுநாள் இடி என்னைத் தனியாக மாடிக்கு வரச் சொன்னார். பயந்துகொண்டுதான் போனேன்.

"இங்க பாரும்மா. வசனம் முடிஞ்ச உடனே தட்டினா அவசரக்குடுக்கைன்னு தெரிஞ்சிடும். லேட்டா தட்டினா தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். ஒரு மூச்சு உள்ள இழு, வெளிய விடு, தட்டு."

"ஏன் அண்ணே, ஜனங்க தானா தட்ட மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் தட்டணும்னுதான் இருக்கும். முதல்ல தட்டத்தான் வெட்கம். பஸ்ல சீட்டு காலியா இருந்தாக்கூட ஒருத்தர் உட்கார்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே வர்ற மாதிரி."

"எந்த பஸ்ல அண்ணே அப்படி? நம்ம பஸ்லயா?"

இடி சிரித்துவிட்டார். "சரி, உதாரணம் தப்பு. விஷயம் சரி. அவங்க வெட்கத்தை நீ வாங்கிக்கிறே, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். உங்க அக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது."

மூன்றாவது வரிசை, நடுவில் என் இடம். இடி பேசுவார். நிறுத்துவார். ஒரு மூச்சு. என் கை. அடுத்த நொடியில் என் முன்வரிசை, பின்வரிசை, சுவரில் ஏறி உட்கார்ந்தவர்கள், தெருவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றவர்கள் என்று அது ஓடும். முதுகுக்குப் பின்னால் அது வளர்வதைத் திரும்பிப் பார்க்காமலே கேட்பேன். மைதானத்தில் ஒரு நாள் மழை கொட்டியது. அறுநூறு பேர், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இடி மைக் இல்லாமல் பேசினார். நான் ஈரக் கையோடு தட்டினேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அக்காவும் அத்தானும் நானும் நடுத்தெருவில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தோம். எதிரே வந்தவர்களும் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊரே எங்கள் சொந்தம் போல இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்போதுதான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார்.

வந்த இரண்டாவது மாதம் அறிவிப்பு ஒட்டினார்கள். டிப்போ மாற்றம் பற்றி ஊழியர்கள், பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம். பத்திரிகை நிருபர் வருகிறார். நகரசபை முடிவெடுப்பது அந்தக் கூட்டத்தைப் பொறுத்து.

"வாயைத் திறக்காதீங்க. மேனேஜர் பேசி முடிக்கிற வரைக்கும் சாவு வீடு மாதிரி இருக்கணும். அப்புறம் நான் ஏறுறேன்" என்று இடி எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. பணிமனை நடுவில் பஸ்களை நகர்த்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். என் வழக்கமான இடம். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி அத்தான். அவர் பக்கத்தில் ஸ்டோர் கீப்பர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

மேனேஜர் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. மெல்லிய குரல். புது டிப்போவில் என்னென்ன வசதி என்று பத்து நிமிடம் படித்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"முப்பது வருஷமா இந்த ஊரைச் சுமந்தது பஸ் இல்ல. டிரைவர் பேரு எல்லாருக்கும் தெரியும், கண்டக்டர் பேரும் தெரியும். ஆனா பின்னால ஆறு பெண்கள் சீட்டு தைக்கிறாங்க. இந்த ஊர்ல நிம்மதியா உட்கார்ந்து வீட்டுக்குப் போன ஒவ்வொரு ஆளும் அவங்க கை மேலதான் உட்கார்ந்து போயிருக்கான்."

நிறுத்தினார்.

இடி எழுதிய பதினோரு நாடகத்திலும் ஒரு சீட்டு தைப்பவள்கூட வந்ததில்லை. அது அன்று வரை எனக்கு உறைத்ததும் இல்லை.

ஒரு மூச்சு. என் கை தட்டியது.

தட்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய அறுநூறு பேர் சேர்ந்து தட்டினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. மேனேஜரே ஒரு நிமிடம் மிரண்டுபோனார். பிறகு கும்பிட்டார். "இவ்வளவு பெரிய வரவேற்பை நான் எதிர்பார்க்கல" என்றார். நிருபர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அடுத்து இடி ஏறிப் பேசினார். கைதட்ட எனக்குத் தெம்பில்லை. நான் தட்டாததால் யாருமே தட்டவில்லை.

மறுநாள் காலைப் பத்திரிகை: 'டிப்போ மாற்றம்: ஊழியர்கள் உற்சாக வரவேற்பு'.

திங்கட்கிழமை இடி என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு கிழிந்த சீட்டு, சாக்குக்கு.

"நீதானே?"

"ஆமாண்ணே. எப்படின்னே தெரியலை. கை தானா..."

"மெல்லப் பேசு. யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. இப்பவே மாடிக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லி? மூணு வருஷமா கூட்டத்துல தட்டினது ஏற்பாடுன்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கவா? அத்தனை பேரும் தானா தட்டினோம்னு நெனச்சிட்டிருக்காங்க. அதுதான் நம்ம பலம். வாயை மூடிட்டு தையி."

மூடிக்கொண்டு தைத்தேன். இரண்டே நாளில் மன்றத்துக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான். கிடைத்தும்விட்டான். பூதக்கண்ணாடி கண்ணால் கண்ட சாட்சி: மேனேஜருக்கு முதலில் கைதட்டியது, அதுவும் ரசித்து ரசித்துத் தட்டியது, என் அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. ஒரே தீர்மானம்: அத்தானை மன்றத்தை விட்டு நீக்குவது. மாடியில் நிற்க இடமில்லை. மூன்று வருடமாக நாடகத்துக்குத் திரண்ட அதே கூட்டம், அதே வேகம். கண்கள்கூட அதே மாதிரி மின்னின.

"போன வாரம் மேனேஜர் ரூமுக்குள்ள போனீங்களா இல்லையா?" என்றார் பூதக்கண்ணாடி.

"லீவு கேட்கப் போனேன்யா. வீட்ல பிரசவ நேரம்."

"லீவு கேட்டவருக்குக் கைதட்டுற ஆசையும் கூடவே வந்துடுச்சோ?"

கூட்டம் சிரித்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் இடியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

எழுந்தேன்.

"அத்தான் இல்ல. முதல்ல தட்டினது நான். எனக்கு அதுதான் வேலை. மூணு வருஷமா நான்தான் முதல்ல..."

முன்வரிசையில் ஒரு கண்டக்டர் அம்மாவின் கண்கள் கலங்கின. "அடி என் தங்கமே, அக்கா வாழ்க்கைக்காகப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குதே!"

"இல்லம்மா, நிஜமாவே நான்தான். இடி அண்ணனைக் கேளுங்க!"

எல்லோரும் இடி பக்கம் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு உள்ளே இழுத்தார். வெளியே விட்டார்.

தட்டினார்.

மாடி இடிந்து விழுவது போல் கைதட்டல். நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ என் தோளைத் தட்டினார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சத்தம் அடங்கியதும் இடி தன் முழுக் குரலில் சொன்னார்: "இப்படி ஒரு மனசு இருக்கிற குடும்பத்தை நாம வெளிய அனுப்பலாமா? தப்பு செஞ்சவரை மன்னிப்போம்!"

மன்னித்தோம், மன்னித்தோம் என்று கூரை அதிர்ந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு ஏகமனதாக மன்னிப்பு.

மத்தியானம் அக்கா வீட்டில் அத்தான் என் எதிரில் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா உள்ளே படுத்திருந்தாள்.

"சாப்பிடு. அழுதுட்டே சாப்பிட்டா விக்கும்."

"அத்தான், சத்தியமா நான்தான்..."

"தெரியும். எனக்குப் பின்னாடிதானே உட்கார்ந்திருந்தே? உன் கை சத்தம் எனக்குத் தெரியாதா? அது கேட்டுத்தான் நானும் தட்டினேன். எப்பவும் அப்படித்தான்."

தட்டைத் தள்ளி வைத்தேன். "அப்போ அங்கயே ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? மச்சினியைப் பார்த்து விரலை நீட்டிக் காட்டவா?"

"பத்திரிகைக்கு எழுதிடறேன் அத்தான். ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தையும். உங்க பேர் சுத்தமாகும்."

அவர் தரையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மழையில உட்கார்ந்திருந்தோமே, அந்த நாள். நீ தட்டினே, சரி. அது உன் வேலை. அத்தனை பேரும் தட்டினது யாரு சொல்லி? ஒருத்தருக்கும் வேற வேலை இல்லாமலா நனைஞ்சாங்க? நீ எழுதினா அதையும் சேர்த்துப் பொய்யின்னுடுவாங்க. எனக்கு அந்த ஒரு நாள் வேணும். விட்டுடு."

"உங்க பேரு?"

"வீட்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா போதாதா? அதுல நீ ஒருத்தி."

எழுதவில்லை. மூன்று மாதத்தில் டிப்போ போனது. புது இடத்தில் கூரை உயரம், வெளிச்சம் நிறைய, மிஷின் எல்லாம் புதுசு. மேனேஜர் சொன்ன ஒரு வசதியும் பொய்யில்லை. மன்றத்துக்குத்தான் இடமில்லை. முதலில் சில பேர் ஒத்திகைக்கு வந்தார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள், பிறகு வரவில்லை. இடி ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அத்தானும் நானும் ஊழியர் பஸ்ஸில் பதினெட்டு வருடம் ஒன்றாகப் போய் வந்தோம். யாரும் அவரிடம் முகம் கோணவில்லை. மன்னித்தவர்கள் அல்லவா, கூடுதல் பிரியமாகவே இருந்தார்கள். பூதக்கண்ணாடி ஓய்வு பெற்ற நாளில் வழியனுப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழசெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்யா. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

"ரொம்ப நன்றிங்க" என்றார் அத்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.