மாத அண்ணி

குழந்தைக்கு முப்பது நாள் நிறைந்த அன்று காலையில் பாவ்ஜூ அறுபது முட்டைகளை அவித்துச் சிவப்புச் சாயத்தில் போட்டாள். விரலெல்லாம் மருதாணி வைத்ததுபோல் சிவந்துபோயின. மத்தியானம் விருந்து; வருகிறவர்களுக்கெல்லாம் சிவப்பு முட்டை கொடுப்பது வழக்கம். அது முடிந்தால் அவள் வேலையும் முடிந்தது. துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவள் முட்டைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருக்கையில், அந்த வீட்டுப் பெரியவர் ஷூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு விருந்தாளிகளின் பெயர்களை மருமகளுக்கு வாசித்துக் காட்டினார். ஏழாவது பெயரைக் கேட்டதும் பாவ்ஜூவின் கையிலிருந்த முட்டை நழுவித் தரையில் உருண்டது.

டிங் மெய்ஃபாங்.

நெசவு மில்லில் பாவ்ஜூவுக்கு மேற்பார்வைக்காரியாக இருந்தவள். மில் குடியிருப்பில் பாவ்ஜூவுக்கு நேர் மேல்மாடி வீடு. டிங் அக்கா காதில் மத்தியானம் விழுந்த விஷயம் சாயங்காலத்துக்குள் ஐந்து கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவள் புருஷன் பெரியவரோடு பூங்காவில் சதுரங்கம் ஆடுகிற மனிதர் என்பது பாவ்ஜூவுக்கு எப்படித் தெரியும்?

அந்த வசந்தத்தில்தான் மில்லில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷம் தறியில் நின்ற பாவ்ஜூவும் அதில் ஒருத்தி. வூசி நகரத்தில் அப்போது மூலைக்கு மூலை அவளைப் போன்றவர்கள் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். ஷூ வீட்டு மருமகள் தாங் லீக்குப் பிரசவம் நெருங்கிய சமயம் அது. மாமியார் உயிரோடு இல்லை. அவளைப் பெற்ற தாயோ வடக்கே இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவள் 'மாதம் இருக்கும்போது', அதாவது முப்பது நாள் வெளியே போகாமல் ஓய்வில் இருக்கும்போது, கூட இருந்து சமைத்துப்போட, குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. பாவ்ஜூவுக்கு எல்லாம் கைவந்த வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு ஊரில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆயா.

"ஆயாவா?" என்று அழுதாள் அவளுடைய பதினாலு வயது மகள் வென்ஜிங். "எங்க கிளாஸ்ல தெரிஞ்சா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன், பாத்துக்க."

"சரிடி, போகல," என்றாள் பாவ்ஜூ. மறுவாரம், சூச்சோவில் இருக்கும் புருஷனின் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். புருஷன் கால்வாய்ப் படகில் சரக்கு ஏற்றிப் போகிறவன். வீட்டில் தங்குகிற நாள் குறைவு. மகளை லிங்தியின் வீட்டில் விட்டிருந்தாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்த லிங்திதான்.

லிங்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாவ்ஜூவுக்கு அடுத்த தறி அவளுடையது. அந்த இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. பெண்கள் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வார்கள். அந்த உதட்டசைவிலேயே லிங்தி மற்றவர்களைச் சிரிக்கவைத்து நூலை அறுக்கவைப்பாள். பழகிப்போன ஒரு சொல்லை எடுத்து, முக்காலியில் ஒரு காலைக் கழற்றி வேறு காலை மாட்டுவதுபோல் மாட்டிவிடுவாள். புத்தகப் புழு என்று உலகம் சொன்னால், நாளுக்கு இரண்டு கூட்டம் போட்ட மேலாளருக்குக் 'கூட்டப் புழு' என்று பெயர் வைத்தாள். படிக்கத் தெரியாதவரை எழுத்துக் குருடு என்பார்கள். குழாயடியில் கர்ணகடூரமாகப் பாடியவளை 'ராகக் குருடு' ஆக்கினாள். சொல்லிவிட்டு அடுத்த நொடி மறந்தும்போவாள்.

பாவ்ஜூ இங்கே வந்த பன்னிரண்டாம் நாள், இஞ்சி மூட்டை ஒன்றைக் கொடுக்க வந்தவள் மாடிப்படியிலேயே சத்தம் போட்டாள்.

"மாத அண்ணி! ஏ மாத அண்ணி, கதவத் திற!"

"மெதுவா பேசுடி சனியனே. என்னடி அது புதுசா?"

"பின்ன? ஏரோப்ளேன்ல தட்டு நீட்டுறவ ஆகாய அக்கா. சிப்பாயக் கட்டிக்கிட்டவ படை அண்ணி. மாதம் இருக்கிறவளப் பாத்துக்கிற நீ மாத அண்ணி. ஆகாய அக்கா மாதிரி உனக்கும் ஒரு தொப்பி தெச்சுத் தரட்டுமா?"

"உள்ள பெரியவர் இருக்காரு. வாய மூடு."

"மூடுறேன், மூடுறேன். வென்ஜிங் நல்லா சாப்புடுறா, கவலப்படாத. என் வீட்டு அரிசிப் பானையத்தான் கொஞ்சம் கவனிக்கணும்."

கதவைச் சாத்திய பிறகு பாவ்ஜூ தனியாகச் சிரித்தாள். சிரித்தே பல நாளாகியிருந்தது. அதோடு அதை மறந்தும்போனாள். உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த பெரியவர் அன்று பக்கம் புரட்டவேயில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

இப்போது அவள் தாங் லீயிடம் போய் நின்றாள். "நான் இப்பவே கெளம்பிடட்டுமாம்மா?"

"என்னக்கா இது! குழந்தைய யாரு தூக்கிட்டு வருவா? முப்பது நாள் நீங்க தூக்கின புள்ள, இன்னைக்கு இன்னொருத்தர் கையில குடுத்தா வீடு இடிஞ்சு விழுற மாதிரி கத்துவான்."

பெரியவர் பட்டியலை மடித்தார். "அந்த டிங்கைத் தெரியுமா?"

"எங்க குடியிருப்புதாங்கய்யா. நான் ஆயா வேல பாக்குறது அங்க யாருக்கும் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியாது." சிவந்த விரல்களை முந்திய நாள் துவைத்த மேலங்கியிலேயே துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் மடித்த பட்டியலைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "நீ குழந்தைய எடுத்துட்டு வா," என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் நான்கு மேஜைகள் நிறைந்தன. தலைமுடி மழித்துச் சிவப்புச் சட்டை போட்ட குழந்தையோடு பாவ்ஜூ கூடத்துக்குள் வந்தாள். முதல் மேஜையிலேயே டிங் இருந்தாள். மீன் துண்டு அவள் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுபோயிற்று.

"அட, பாவ்ஜூவா? சூச்சோவுக்குப் போனேன்னாங்க? நீ இங்க ஆ..."

சொல் பாதி வந்துவிட்டது. மீதியும் வந்துவிடும் என்றிருந்தது பாவ்ஜூவுக்கு. வென்ஜிங்கின் அழுத முகம் கண்முன் வந்தது.

"இவங்கதான் எங்க வீட்டு மாத அண்ணி," என்றார் பெரியவர். தேநீர் சூடாக இருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்.

எல்லோரும் கேட்கப்போகிறார்கள், அப்படியென்றால் என்ன என்று. பாவ்ஜூ குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

ஒருவரும் கேட்கவில்லை.

"நல்ல மாத அண்ணியாப் புடிச்சீங்க. கன்னத்தப் பாருங்க, பன்னு மாதிரி," என்றார் ஒரு தடித்த மாமா. "எங்க அக்கா மகளுக்கு அடுத்த மாசம்," என்றாள் பக்கத்து மேஜைப் பெண். "மாத அண்ணிங்க இப்ப எங்க கெடைக்கிறாங்க?" ஏதோ பிறந்த நாளிலிருந்து வாயில் புழங்கிய சொல்லைப் போலப் பேசினாள். மூன்றாவது மேஜையில் ஒரு கிழவர் அதையே சொல்லித் தலையாட்டினார். நான்காவது மேஜைக்கு அது போய்ச் சேர்ந்தபோது கோழிச் சூப்பின் ஆவிகூட அடங்கவில்லை.

டிங் மென்று விழுங்கினாள். மீனையா, மீதிச் சொல்லையா என்று தெரியவில்லை. "மாத அண்ணின்னா பாவ்ஜூதான்," என்றாள் பிறகு, ஊருக்கே சாட்சி சொல்கிற குரலில். "இவ துணியில ஒரு பழுது பாத்ததில்ல நான். எங்க மருமகளுக்கு ஆகஸ்டுல பிரசவம், நீதான் வரணும், சொல்லிட்டேன்."

ஆயா என்றால் அடுக்களை வரைக்கும்தான். அண்ணி என்றால் வீட்டுக்குள் வந்தவள். யாரோ ஒருவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

பாத்திரம் கழுவும்போது பெரியவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அது என் சிநேகிதி வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. அப்படி ஒரு சொல்லே கெடையாது."

"எனக்குத் தெரியாதா?" பெரியவர் அச்சகத்தில் நாற்பது வருஷம் ஈய எழுத்து கோத்தவர். அவர்கள் எழுத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி ஈய அச்சு, பெட்டியில் தனிக் கட்டம். "'மாதம்' எந்தக் கட்டத்துல இருக்கும், 'அண்ணி' எந்தக் கட்டத்துல இருக்கும்னு கண்ணக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். ரெண்டையும் ஒருநாளும் பக்கத்துல பக்கத்துல வெச்சதில்ல." வலதுகைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "புதுசா ஈயம் உருக்க வேண்டியதில்ல பாரு. ரெண்டும் அங்கயேதான் கெடந்திருக்கு, எப்படா நம்மள சேத்து வெப்பாங்கன்னு." குரல் தாழ்ந்தது. "யாராவது அர்த்தம் கேட்டா சொல்றதுக்குப் பதில்கூட தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஒருத்தர் கேக்கலியேம்மா! பொறந்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள எல்லாரும் அதத் தூக்கி வளத்தவங்க மாதிரி..."

முடிக்காமலே திரும்பிப் போனார். அவர் நடை கோயிலுக்குள் நடப்பவர் நடையாக இருந்தது.

பாவ்ஜூ பேருந்தைவிட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. டிங் முன்னமே வந்துவிட்டாள் என்பது குடியிருப்பு வாசலிலேயே தெரிந்தது. செருப்புத் தைக்கிற கிழவன் ஊசியை நிறுத்தினான்.

"வா மாத அண்ணி! சூச்சோ அத்தைக்கு உடம்பு தேவலையா?"

முகம் எரிந்தது. ஆனாலும் ஒரு சிவப்பு முட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அத்தை உனக்குக் குடுக்கச் சொன்னா."

லிங்தியின் வீட்டு வாசலில் வென்ஜிங் நின்றாள். கூடத் தோழி ஒருத்தி, ஒரே வகுப்பு. பாவ்ஜூவின் கால்கள் கடைசிப் படியில் நின்றுவிட்டன.

"டிங் பெரியம்மா சொன்னாங்க," என்றாள் வென்ஜிங். "எங்கிட்டகூட பொய் சொன்னல்ல?"

"சொன்னேன்டி."

மகள் ரொம்ப நேரம் அம்மாவின் சிவந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு கூடையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது கொஞ்சம் வெடுக்கென்றுதான் வாங்கினாள்.

"உங்கம்மாவுக்கு என்ன வேல?" என்றாள் தோழி.

"மாத அண்ணி," என்றாள் வென்ஜிங், முட்டையை உரித்துக்கொண்டே.

"ஓ. எனக்கு ஒண்ணு குடு."

அவ்வளவுதான்.

கையில் கரண்டியோடு லிங்தி உள்ளேயிருந்து வந்து நின்றாள். என் சொல்லாச்சே அது என்று கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். அவள் கண்ணில் அது தெரிந்தது. வாய் திறந்தது. உதிர்த்துவிட்டு மறந்துபோன ஒரு விளையாட்டுச் சொல், தன்னைக் கேட்காமல் ஊரைச் சுற்றிவிட்டு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வாயில் முட்டையோடு முட்டையாகத் தன் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

பாவ்ஜூ அவளைப் பார்த்தாள். தறி இரைச்சலுக்கு நடுவே பேசிக்கொள்வதுபோல், லிங்தியின் உதடுகள் மட்டும் அந்த இரண்டு சொற்களை மெல்ல, இன்னொரு முறை, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன.