சுவரில் ஏற்றிய சைக்கிள்

வீட்டில் இடமில்லை என்று கண்டுபிடித்தவன் என் அக்காவின் மகன் நிரோஜன்.

அது வீட்டுத்திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், பின்னால் ஒரு குசினி. தனி ஆளுக்கு வீடு இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் அக்கா வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுத்தேன். பொழுதுபட்டால் அக்காவின் சைக்கிளையும் என் சைக்கிளையும் கள்ளருக்குப் பயந்து உள்ளே ஏற்றிவிடுவோம். அவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு நிரோஜன் மோட்டார் சைக்கிள் எடுத்தான். அதையும் ஹோலுக்குள் ஏற்றினான். அடுத்த நாள் வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது.

மோட்டார் சைக்கிள் இடத்தைப் பிடிக்கவில்லையாம். சைக்கிள்கள்தான் பிடித்தனவாம்.

"மாமா, வெளிநாட்டில எல்லாரும் இப்ப சைக்கிளைச் சுவரிலதான் கொழுவினம்," என்று போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தான். ஒரு வெள்ளைச் சுவர். அதில் ஒரு சைக்கிள். கீழே ஒரு வெள்ளைக்காரன் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் எப்ப வேலைக்குப் போறவன்?" என்று கேட்டேன்.

"உங்களோட கதைச்சு வேலையில்லை மாமா."

நிரோஜனுக்குப் புதுக்குடியிருப்பில் போன் கடையொன்றில் வேலை. ஆனால் யாராவது கேட்டால் அதைச் சொல்லமாட்டான். வீடியோ போடுகிறவன் என்றுதான் சொல்வான். சின்ன வீட்டை எப்படிப் பெரிய வீடாக்குவது என்று உலகத்துக்குக் காட்டுகிறானாம். உலகம் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடையில் ட்ரில் மிசின் இரவல் வாங்கி வந்து சுவரைத் துளைத்தான். அந்தச் சுவருக்குச் சாந்து குழைத்தது நான். மணலுக்குச் சீமெந்தை மணக்கக் காட்டி அச்சில் அரிந்த கற்கள் அவை. துளை போட்ட இடத்தில் ஒரு கோழி முட்டையிடலாம் போல் பொந்து வந்தது. அடுத்ததும் அப்படித்தான். கடைசியில் இரண்டு அறைக்கும் நடுவில் நிற்கிற கொங்கிறீட் தூண்தான் ஆணியைப் பிடித்தது. அதில் இரண்டு இரும்புக் கொழுவிகளை இறுக்கினான்.

முதலில் அக்காவின் சைக்கிளை ஏற்றினான். லேடீஸ் சைக்கிளுக்கு நேரான பார் இல்லை, கொழுவியில் நிற்காது. அதை நான் சொல்ல வாயெடுக்க முதல் அது வழுக்கி வந்து மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியில் விழுந்தது. டாங்கியில் நெளிவு. அன்று முழுக்க அவன் எங்களோடு கதைக்கவில்லை, ஏதோ நாங்கள்தான் தூக்கிப் போட்ட மாதிரி. விழுந்ததில் சில்லு கோணிய அக்காவின் சைக்கிளைக் குசினிக்கு வெளியே சங்கிலி போட்டுப் பூட்டினோம். பார் வைத்த என் சைக்கிள் சுவரில் ஏறியது.

அந்தத் தூணில்தான் எங்கள் வீட்டுப் படங்கள் இருந்தன. மேலே பிள்ளையார். அவருக்குக் கீழே எங்கள் ஐயாவும் அம்மாவும். அவர்களுக்குக் கீழே சண்டையில் போன அத்தான், நிரோஜனின் தகப்பன். மூன்று படத்துக்கும் பிளாஸ்டிக் மாலை, ஒரு சிவப்புக் குமிழ் விளக்கு. அத்தானுக்குக் கீழே இப்போது என் சைக்கிள்.

மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு பிரம்புக் கதிரையும் ஒரு பிளாஸ்டிக் செடியும் வைத்தான். கதிரையில் யாரும் இருக்க ஏலாது, பெடல் உச்சந்தலையில் இடிக்கும். என் பாய் அந்த இடத்துக்கு அழகில்லை என்று குசினிக்குப் போனது.

முதல் கிழமை விடிய எழும்பி, பிரம்புக் கதிரையில் ஏறி நின்று, நானே சைக்கிளை இறக்கினேன். சீமெந்துப் பை சுமந்த தோள். இறக்கி முடிய அது தனியாகக் கழன்று விழும் போல இருக்கும். அதையும் பொறுத்தேன். ஆனால் சில்லு சுவரில் கறுப்பாகக் கீறியது என்று நிரோஜன் சத்தம் போட்டான். அவன் எட்டு மணிக்கு எழும்பி வந்துதான் சத்தம் போடுவான். அப்போது நான் வேலையில் நிற்பேன். பின்னேரம் அக்கா எனக்கு அதைத் திருப்பிச் சொல்லுவாள்.

பிறகு அந்த வீடியோ வந்தது.

சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டு, அவன் அதன் முன்னால் நின்று கதைத்தான். என்ர மாமான்ர சைக்கிள் இது, இடம்பெயர்ந்த நேரம் இந்தப் பாரில தலையணை கட்டி என்னை ஏத்திக்கொண்டு வந்தவர், இதை நிலத்தில விட மனமில்லை எண்டு சுவரில வைச்சிருக்கிறன் என்றான். நிலத்தில் விட மனமில்லாமல் போனது மோட்டார் சைக்கிளுக்காக. அதை அவன் கமராவுக்கு வெளியே உருட்டி விட்டிருந்தான்.

அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது.

நான் குசினியில் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஹோலில் இருந்து அவன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். "பாருங்கோ அம்மா, லண்டனில இருந்து ஒராள். 'கண்ணீர் வருது தம்பி. ஐயாவின்ர ஆத்மா சாந்தியடையட்டும்.' சுவிஸில இருந்து ஒராள். 'இப்பிடி மனுசர் இனிக் கிடைக்காயினம்.'"

"ஆருக்கடா சாந்தி?" என்று கேட்டேன்.

அவன் போனோடு குசினி வாசலுக்கு வந்தான், பின்னால் அக்காவும். "உங்களுக்குத்தான் மாமா," என்றான்.

மாலை போட்ட படங்களுக்குக் கீழே, விளக்கு எரியத் தொங்குகிற ஒன்றைப் பார்த்தால் எங்கள் சனம் வேறு என்ன நினைக்கும்? வெள்ளைக்காரன் என்றால் இடம் மிச்சம் என்று நினைத்திருப்பான். எங்கட ஆக்கள் செத்தவன் யார் என்று தேடுகிறார்கள்.

"நான் இருக்கிறன் எண்டு எழுதிப் போடு."

"போட்டா அவ்வளவு பேரும் போயிடுவினம். நான் என்ன பொய்யே சொன்னனான்? செத்தவர் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனானே? அவையள்தான் அப்பிடி நினைக்கினம். கொஞ்ச நாளைக்குச் சைக்கிளை இறக்காதேங்கோ மாமா. ஆரும் வந்து பாத்தாலும்."

அக்காவைப் பார்த்தேன். அவள் என் சோற்றுக் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டாள்.

"விடு தம்பி. பெடியன் ஒருக்கா முன்னுக்கு வரட்டும். செத்துப்போச்சினம் எண்டு கதை வந்தா ஆயுள் கூடுமாம்."

எனக்குக் கூடிய ஆயுளை நான் றோட்டில் நடந்து தீர்த்தேன். வேலை நடந்த இடம் சந்தியைத் தாண்டி அங்கால். சைக்கிளில் போனால் வியர்க்க முதல் போய்விடலாம். நடந்தால், போய்ச் சேரும்போதே பாதி ஆள் முடிந்துவிடும்.

மேசன் ஞானப்பிரகாசம் முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து ஆள். கடலில் வலை இழுத்த கை, இப்போது மட்டப்பலகை பிடிக்கிறது. நல்ல மனுசன், வாய்தான் கூடாது.

"சிற்றம்பலம், திரும்பவும் பிந்தி வாறாய். சைக்கிள் என்ன, வித்துக் குடிச்சிட்டியோ?"

"சுவரில நிக்குது."

"சுவரில நிண்டு என்ன செய்யுது?"

"என்ர மருமகன் கொழுவி வைச்சிருக்கிறான். இடம் காணாதாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அப்ப நீயும் போய்ப் பக்கத்தில தொங்கு. நாளைக்குக் கூரைக்குக் கொங்கிறீட் பிளேட் போடுறம். கலவை மிசின் ஸ்ராட் பண்ண முதல் நீ இதில நிக்கவேணும். நடுவில ஆளில்லாமல் நிப்பாட்டினா பிளேட் வெடிக்கும். நீ பிந்தினா வேற ஆள். நாளைக்கு மட்டுமில்லை, எப்பவும் வேற ஆள்தான்."

என் வயதில் ஒருவனை இன்னொரு மேசன் எடுக்கமாட்டான். வேலையும் இல்லாமல் அக்கா வீட்டுக் குசினியில் கிடந்தால் நான் செத்துவிட்டேன் என்று உலகம் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும்.

அடுத்த நாள் விடியும் வெள்ளாப்பிலேயே சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். படலையைத் திறக்கப் போக, ஒரு வான் வந்து நின்றது.

அக்கா ஓடிவந்து என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, வீடியோவைப் பாத்திட்டு வாறன் எண்ட பிரான்ஸ் அக்கா! பின்னேரம் எண்டெல்லோ சொன்னவா. தம்பி, உள்ளுக்குப் போ. குசினிக்க இரு. இருமிப் போடாத."

"எனக்கு வேலை அக்கா. இண்டைக்குப் பிளேட்."

"ஒரு கொஞ்ச நேரம்."

பின்னால் போகலாம் என்றால் வழியில்லை. வீடியோவுக்கு வடிவாக இருக்கட்டும் என்று நிரோஜன் பின்வேலி முழுக்கத் தகரம் அடித்திருந்தான். வீட்டுக்கு ஒரே வாசல், அந்த வாசலில் எனக்கு அஞ்சலி செய்ய வந்தவர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சோற்றுப் பார்சலோடு நின்றேன். செத்தவன் வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தான்.

வந்தவவின் பெயர் புனிதமலர். கரையில் பிறந்து, சண்டை முடிந்த பிறகு பாரிஸுக்குப் போனவ. மடு மாதா கோயிலுக்குப் போகிற வழியில் வந்தவவாம். கையில் ஒரு பெரிய மல்லிகை மாலை. குசினிச் சீலையின் இடுக்கால் எல்லாம் தெரிந்தது. அன்றைக்கு எட்டு மணிக்கு முதலே எழும்பிவிட்ட நிரோஜன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தான்.

அவ கதிரையில் இருக்கவில்லை. நேரே போய் என் சைக்கிளின் சீற்றில் கையை வைத்தா.

"உங்கட தம்பியோ?"

"ஓம்," என்றாள் அக்கா.

"எப்ப போனவர்?"

அக்கா அத்தானின் படத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன். ஒரு சொல்லுத்தானே. நிரோஜன் முந்திக்கொண்டான்.

"அதைக் கேட்டா அம்மா அழுவா அன்ரி."

அக்கா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்தாள். உண்மையாகத்தான் அழுதாள். அத்தானுக்காக இருக்கலாம். எனக்காக இருந்தால் பத்தடியில் நான் நிற்கிறேன்.

புனிதமலர் மாலையை ஹாண்டிலில் போட்டா. "எங்கட தம்பி றொனால்ட்டும் சைக்கிளிலதான் போனவன். பால்மா வாங்கியாறன் எண்டு போனவன். உடம்பும் வரேல்ல, சைக்கிளும் வரேல்ல. ஒரு சில்லு கிடைச்சிருந்தாலும் கொண்டுவந்து வீட்டில வைச்சிருப்பம்." சொல்லிக்கொண்டே ரயரை அமத்திப் பார்த்தா. "காத்து இருக்கே."

"நாங்கள் ஒவ்வொரு நாளும் அடிச்சு வைக்கிறனாங்கள் அன்ரி. மாமா வருவார் எண்டு ஒரு நினைப்பு."

நிரோஜன் சொன்னதில் அதுதான் முதல் முழுப் பொய். அவன் வாழ்க்கையில் காற்றடித்ததில்லை.

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான்," என்றா அவ. "கண் மூடுமட்டும் அவனுக்கு ஒரு கோப்பையில சோறு போட்டு வைச்சவா."

அதற்கு மேல் எனக்கு நிற்க ஏலவில்லை. சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சீமெந்து காய்ந்த களிசான், கையில் சோற்றுப் பார்சல்.

"அது என்ர சைக்கிள் அக்கா. காத்து அடிக்கிறதும் நான்தான்."

அவ திரும்பினா. "நீங்கள் ஆர்?"

"நான்தான் அந்தச் செத்தவர்."

வாசலில் நின்ற வான் றைவர் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிட்டான். நிரோஜன் இன்னும் போனைப் பிடித்துக்கொண்டே நின்றான். மூளை வேலை செய்யாத நேரத்திலும் அந்தக் கை மட்டும் வேலை செய்யும்.

"போனைக் கீழ வை," என்றா புனிதமலர். அவன் வைத்தான். அவ அக்காவின் பக்கம் திரும்பினா. சத்தம் போடவில்லை. "நான் ஒரு எலும்பு கிடைக்காதோ எண்டு திரியிறன். உனக்கு முழு ஆள் குசினிக்க நிக்குது. அவரைக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழ கொழுவி வைச்சிருக்கிறாய்."

அக்கா சேலைத் தலைப்பை முகத்தில் இருந்து எடுக்கவேயில்லை.

"அன்ரி, நாங்கள் இடம் மிச்சம் பிடிக்கத்தான் முதல்ல..." என்று நிரோஜன் தொடங்கினான்.

"இடம் நல்லாத்தான் மிச்சம் பிடிச்சிருக்கிறாய்." அவ என் கையில் இருந்த பார்சலைப் பார்த்தா. "எங்க வெளிக்கிட்டனீங்கள்?"

"பிளேட் போட. பிந்தீட்டுது."

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ. நான் பின்சில்லைப் பிடிக்கிறன்."

பிரம்புக் கதிரையில் ஏறினேன். அவ பிரான்ஸ் சப்பாத்தோடு பிளாஸ்டிக் செடியை மிதித்துக்கொண்டு நின்று கரியரைத் தாங்கினா. இறக்கும்போது முன்சில்லு சுவரில் நீட்டுக்குக் கறுப்பாக ஒரு கீறு போட்டது. நிரோஜனின் கண்ணுக்கு முன்னால்தான்.

முற்றத்தில் வைத்து மாலையைக் கழற்றப் போனேன்.

"கழட்டாதேங்கோ," என்றா. "அது றொனால்ட்டுக்கு எண்டு நினைச்சுத்தான் வாங்கினனான். சந்தி வரைக்கும் எண்டாலும் ஓடட்டும்."

ஓடினேன். சோற்றுப் பார்சல் கரியரில், மல்லிகை மாலை ஹாண்டிலில். எதிரே வந்த சனம் ஒதுங்கி நின்றது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டது. தேங்காய் எண்ணெய் புண்ணியத்தில் செயின் சத்தமே இல்லாமல் சுற்றியது. அந்த ஒன்றுக்கு மட்டும் நிரோஜனுக்கு நன்றி சொல்லலாம்.

நான் போய் இறங்க, மிசினின் கயிற்றைப் பிடித்தபடி ஞானப்பிரகாசம் நின்றான். மாலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்ன, ஆரின்ர செத்தவீட்டால வாறாய்?"

"என்ர."

"எல்லாம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப சட்டியைத் தூக்கு," என்று சொல்லிக் கயிற்றை இழுத்தான்.