ஒரு சைஸ் பெரிய செருப்பு

என் கால் வீங்கியபோது என் கணவர் செருப்பு வாங்கி வந்தார். பழையதைவிட ஒரு சைஸ் பெரியது, நீல வார் வைத்தது. தரையில் உட்கார்ந்து அவரே மாட்டியும் விட்டார். பைத்தியக்காரி நான், மாடி வீட்டுப் பெண்ணிடம் அதைப் போய்ப் பீற்றிக்கொண்டேன். கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்ட வேண்டும் என்று வேறு சொன்னேன்.

இப்போது அந்தச் செருப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. என் மகள் மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். நேற்றுக் காலை அடுப்படியில் கண் முன்னால் வெளிச்சம் சிதறியது, தலை வெடிப்பதுபோல் வலித்தது, விழுந்துவிட்டேன். பிரஷர் எகிறிவிட்டதாம். ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் பலப்பட முன்கூட்டியே தாய்க்கு ஊசி போடுவார்களாம். அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகுமாம். எனக்கு ஏது நாள்? அவளுக்காக மெஷின் மூச்சு விடுகிறது.

இத்தனைக்கும் என் நாத்தனார் இதே ஆஸ்பத்திரி லேபில்தான் வேலை பார்க்கிறாள். புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது என்று போன மாதம் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“நஞ்சுக்கொடியிலேர்ந்து ரெண்டு புரதம் ரத்தத்துல கலக்கும் அண்ணி. ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. நல்லது இறங்கி கெட்டது ஏறிச்சுன்னா, பிரஷர் ஏறுறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடும்.”

“எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு கெட்டது வாய்ச்சிருக்கே, உங்க அண்ணன்” என்றேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் என்ன என்று கணவரிடம் கேட்டேன். “தங்கச்சி போன் பண்ணா. எல்லாம் நார்மல்” என்றார். அப்புறம் தலைவலி வந்தது. “எந்நேரமும் போனைப் பாத்தா வலிக்காதா?” என்றார். கால் வீங்கியது. செருப்பு வந்தது.

இன்று காலை நாத்தனார் வெள்ளைக் கோட்டோடு கட்டிலருகே வந்து நின்றதும் பிடித்துக்கொண்டேன். “லேப்ல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டா இருந்தே? நார்மல்னு எந்த வாயால சொன்னே?”

அவள் முகம் செத்துப்போயிற்று. “நார்மலா? அந்தக் கெட்டது ரொம்ப அதிகமா இருந்துச்சு அண்ணி. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு அண்ணன்கிட்ட கத்தினேனே. காட்டிட்டோம், வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னாரே!”

“எனக்கு ஏன்டி போன் பண்ணல?”

“மாசமா இருக்கவங்ககிட்ட எப்படி நேரா…” என்று இழுத்தாள். அந்த வீட்டில் கேஸ் தீர்ந்தால்கூட முதலில் அவரிடம்தான் சொல்வார்கள். என் ரத்தத்தில் இருந்ததையும் அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

அவர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். தங்கை அழுவதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“நீ பயந்துடுவே. பயந்தா பிரஷர் ஏறும்னுதான்…”

“இப்ப ஏறலையாக்கும்?”

“டெஸ்ட்டு சில சமயம் தப்பாவும் வரும். அடுத்த செக்கப் வரைக்கும் பாக்கலாம்னு நெனச்சேன். உன் நல்லதுக்குத்தான்மா.”

“செருப்பு மாட்டி விட்டீங்களே, அப்பவும் தெரியும்தானே?”

அவர் தரையைப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது, தையல் போட்ட வயிறு. அந்த வீங்கின காலைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்தே, என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அப்போது குழந்தைகள் டாக்டர் வாசலில் எட்டிப் பார்த்தார். “சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க.”

பழக்கதோஷத்தில் அவர் கிளம்பிவிட்டார்.

“எங்க போறீங்க? உக்காருங்க” என்றேன். “டாக்டர், பெத்தவ நான். இங்க வந்து என்கிட்ட சொல்லுங்க.”

டாக்டர் அவரைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? எதுன்னாலும் சொல்லுங்க.”

டாக்டர் கட்டிலருகே வந்தார். “மெஷினைக் கொஞ்சம் எடுத்துப் பாத்தோம்மா. தானா மூச்சு விட்டா. அப்புறம் சோர்ந்துட்டா, திரும்பப் போட்டுட்டோம். இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது. நீங்க போய்ப் பாக்கறது நல்லது.”

பயந்துதான் போனேன். ஆனால் அது என் பயம், என் மகளுக்கான பயம்.

நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள். மெல்ல இறங்கி உட்கார்ந்தேன். அவர் அவசரமாகக் குனிந்து, கட்டிலடியிலிருந்து அந்தச் செருப்பை எடுத்து என் காலருகே கொண்டுவந்தார். மாட்டிவிடக் கையை நீட்டினார்.

காலை இழுத்துக்கொண்டேன்.

“நீ தள்ளு” என்றேன் நாத்தனாரிடம். அவளை மன்னிக்கவில்லை. தள்ள ஒரு ஆள் வேண்டுமே. வெறுங்காலோடு என் மகளைப் பார்க்கப் போனேன். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே குனிந்தபடி இருந்தார்.